எகிப்தின் இக்வான் இளைஞர்களும் அரசின் ஒடுக்குமுறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2013-இல் கெய்ரோவின் ராபிஆ சதுக்கத்தில் இக்வான் ஆதரவாளர்கள் படுகொலை செய்யப்பட்டதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழும். ‘அவர்கள் ஆரம்பத்திலிருந்தே பயங்கரவாதிகள்தான்’ என்பது ஒன்று. ‘அடித்தால் திருப்பி அடிக்கத்தானே செய்வார்கள்’ என்பது இன்னொன்று. அந்தக் கூட்டத்தில் இருந்த இருபது வயதுப் பையனை இரண்டு பேருமே பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றும். அவனைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இக்வான் என்பது என்ன அமைப்பு?

முழுப் பெயர் இக்வானுல் முஸ்லிமூன், அதாவது முஸ்லிம் சகோதரர்கள். சூயஸ் கால்வாய்க் கரையில் உள்ள இஸ்மாயிலிய்யா ஊரில் 1928-இல் ஹஸன் அல்பன்னா என்ற பள்ளி ஆசிரியர் தொடங்கியது. ஆங்கிலேயர் ஆதிக்கம் இருந்த காலம் அது. மார்க்கப் பிரசாரம், பள்ளிக்கூடம், மருத்துவ உதவி, அரசியல் எல்லாம் சேர்ந்த இயக்கமாக வளர்ந்தது. 1940-களில் அதற்குள் ரகசிய ஆயுதப் பிரிவு ஒன்றும் இருந்தது. இதை மறைப்பதில் பயனில்லை. 1948 டிசம்பரில் அரசு இயக்கத்தைத் தடை செய்தது. அந்த மாதக் கடைசியிலேயே பிரதமர் நுக்ராஷியை இயக்கத்தைச் சேர்ந்த மாணவன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அடுத்த பிப்ரவரியில் ஹஸன் அல்பன்னாவும் கெய்ரோவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தடை, கொலை, பதிலுக்குக் கொலை. பின்னால் வரும் பல கதைகளுக்கு இதுதான் அச்சு.

ஓர் இளைஞன் அதில் சேர்வது எப்படி? விண்ணப்பம் போட்டா?

இல்லை. பெரும்பாலும் அவன் சேர்வதில்லை, சேர்க்கப்படுகிறான். பள்ளிவாசலில் ஒழுங்காகத் தொழ வருகிற பையனை யாரோ கவனிக்கிறார்கள். கால்பந்து ஆடக் கூப்பிடுகிறார்கள், பரீட்சைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். அப்புறம் ஒருநாள் ஒரு வீட்டுக்கு அழைக்கிறார்கள். பலருக்கு அப்பாவோ மாமாவோ ஏற்கெனவே இயக்கத்தில் இருப்பார்கள்.

அந்த வீட்டில் கூடுவதற்குப் பெயர் ‘உஸ்ரா’. அரபியில் குடும்பம் என்று பொருள். ஐந்தாறு பேர், வாரம் ஒருமுறை, யாராவது ஒருவர் வீட்டு முன்னறையில். தலைவருக்கு ‘நகீப்’ என்று பெயர். குர்ஆன் ஓதுவார்கள், ஏதாவது ஒரு நூலிலிருந்து சில பக்கங்கள் படிப்பார்கள், இந்த வாரம் எத்தனை முறை அதிகாலை சுப்ஹு தொழுகைக்குப் பள்ளிக்குப் போனாய் என்று கேட்பார்கள். யாருக்கு வேலை போனது, யார் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்ற பேச்சும் அங்கேதான் நடக்கும். ஆதரவாளன் என்ற முதல் படியிலிருந்து முழு உறுப்பினன் ஆகப் பல வருடம் பிடிக்கும். அதற்குள் அவனுடைய நண்பர்கள், திருமணம், வேலை எல்லாமே இந்த வட்டத்துக்குள் வந்துவிடும்.

இந்த உஸ்ரா இரண்டு வேலை செய்தது. கேட்பதும் கீழ்ப்படிவதும் கடமை என்று பழக்கியது. கேள்வி கேட்ட இளைஞர்களை இது மூச்சு முட்ட வைத்தது என்பதும் உண்மை. 1996-இல் அல்வஸத் கட்சியைத் தொடங்கப் பிரிந்து போனவர்களும், 2011 புரட்சிக்குப் பிறகு தனிக் கட்சி கண்டு வெளியேற்றப்பட்டவர்களும் இந்த மூச்சுமுட்டலில் இருந்துதான் வந்தார்கள். ஆனால் அதே உஸ்ரா, கோபம் தலைக்கேறிய பையனின் தோளில் கைவைத்து ‘பொறு, இது மிஹ்னா’ என்று சொல்லவும் செய்தது. மிஹ்னா என்றால் சோதனைக் காலம். 1950, 60-களில் எகிப்தை ஆண்ட நாசர் காலத்துச் சிறையைப் பார்த்த பெரியவர் சொன்னால் அந்த வார்த்தைக்கு எடை இருந்தது.

ராபிஆ சதுக்கத்தில் உண்மையில் என்ன நடந்தது?

நெடுங்காலம் ஆண்ட ஜனாதிபதி முபாரக், மக்கள் புரட்சியால் 2011 பிப்ரவரியில் பதவி விலகினார். 2012 ஜூனில் இக்வானைச் சேர்ந்த முஹம்மது முர்ஸி 51.7 சதவீத வாக்குகளில் ஜனாதிபதி ஆனார். ஒரு வருட ஆட்சியில் பலரைப் பகைத்துக்கொண்டார். தன் ஆணைகளை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்று 2012 நவம்பரில் அவர் அறிவித்ததைப் பெரிய தவறாகவே நான் பார்க்கிறேன். 2013 ஜூன் 30 அன்று பெருங்கூட்டம் அவருக்கு எதிராகத் தெருவில் இறங்கியது. ஜூலை 3 அன்று ஜெனரல் ஸீஸி தலைமையில் ராணுவம் அவரை நீக்கியது.

முர்ஸியின் ஆதரவாளர்கள் கெய்ரோவின் நஸ்ர் சிட்டி பகுதியில், ராபிஆ அல்அதவிய்யா பள்ளிவாசல் முன்னால் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ஈராக்கின் பஸராவில் வாழ்ந்த பெண் இறைநேசர் ராபிஆவின் பெயரில் கட்டிய பள்ளி அது. நம் ஊர் முஸ்லிம் வீடுகளுக்கும் தெரிந்த பெயர்தான். ராபிஆ என்றால் நான்காவது. முர்ஸி ஆதரவாளர்களின் அடையாளமான, நான்கு விரலைக் காட்டும் சைகை பிறந்தது அதனால்தான். குடும்பம் குடும்பமாக, குழந்தைகளோடு ஆறு வாரத்துக்கும் மேல் இருந்தார்கள். மேடையில் கிறிஸ்தவர்களுக்கும் எதிர்த் தரப்பினருக்கும் எதிராக வெறுப்புப் பேச்சும் ஒலித்தது. கூட்டத்தில் மிகச் சிலரிடம் ஆயுதம் இருந்தது.

ஆகஸ்ட் 14 காலை ஆறரை மணி வாக்கில் படை நுழைந்தது. புல்டோசர்கள், கண்ணீர்ப்புகை, பிறகு தோட்டா. பன்னிரண்டு மணி நேரம் போல நடந்தது. ராபிஆவில் மட்டும் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஒரு வருட விசாரணைக்குப் பிறகு சொன்னது. எகிப்து அரசின் மனித உரிமைக் கவுன்சில் சொன்ன எண்ணிக்கை, 8 போலீசார் உட்பட, 632. குறைந்த எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில், ஒரே சதுக்கத்தில், 632 பேர்.

மறுநாள் உடல்கள் பக்கத்தில் இருந்த ஈமான் பள்ளிவாசலில் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. உடலைச் சுற்றிய கஃபன் துணியின் மேல் பெயர் எழுதியிருந்தார்கள். ஆகஸ்ட் மாத வெயில், குளிரூட்டும் வசதி கிடையாது. உடல்கள் மேல் பனிக்கட்டியை வைத்து மின்விசிறியை ஓடவிட்டார்கள். கருகிப்போன உடல்களில் தங்கள் பிள்ளை எது என்று பெற்றவர்கள் தேடினார்கள். பையன்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படங்கள்தான் அடுத்த சில வருடங்களுக்கு அவர்களுடைய பாடப்புத்தகம்.

அதே நாளிலும் அடுத்த சில நாட்களிலும் நாடு முழுக்க, முக்கியமாக மின்யா மாகாணத்தில், பல தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. கெர்தாஸா காவல் நிலையத்தில் போலீசார் கொல்லப்பட்டார்கள். ராபிஆவுக்காக அழுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு இக்வான் இளைஞர்கள் எல்லோரும் ஆயுதம் எடுத்தார்களா?

இல்லை. மிகப் பெரும்பாலானவர்கள் எடுக்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

பலர் அரசியலையே விட்டார்கள். பலர் துருக்கிக்கும் சூடானுக்கும் கத்தாருக்கும் போனார்கள். சிலர் இயக்கத்தை விட்டார்கள், சிலர் மார்க்கத்தையே விட்டார்கள். பல்லாயிரம் பேர் சிறைக்குப் போனார்கள். எகிப்தில் அரசியல் கைதிகள் 60,000 பேர் இருக்கலாம் என்று மனித உரிமை அமைப்புகள் கணக்கிட்டன. அப்படி யாருமே இல்லை என்பது அரசின் பதில். துப்பாக்கியைத் தொட்டவர்கள் இவர்களில் ஒரு சிறு பகுதி.

சரி, எடுத்தவர்களை எடுக்க வைத்தது எது?

இதற்கு இரண்டு முழக்கங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இயக்கத்தின் தலைவர் முஹம்மது பதீஃ 2013 ஜூலையில் ராபிஆ மேடையில் ஏறி, ‘நம் அமைதிவழி தோட்டாவை விட வலிமையானது’ என்றார். கூட்டம் அதைத் திரும்பத் திரும்ப முழங்கியது. ஒரு வருடம் கழித்து இளைஞர்கள் மத்தியில் புழங்கிய வாசகம் வேறு: ‘தோட்டாவுக்குக் கீழே உள்ள எல்லாமே அமைதிவழிதான்’. அதாவது போலீஸ் ஜீப்பை எரிக்கலாம், மின்கோபுரத்தைத் தகர்க்கலாம், பெட்ரோல் குண்டு வீசலாம், ஆளைக் கொல்லாத வரை அதுவும் அமைதிவழியே. ஆட்கள் அதே ஆட்கள். வார்த்தையும் அதே வார்த்தை, ‘ஸில்மிய்யா’, அதாவது அமைதிவழி. உள்ளே இருந்த பொருள்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போனது.

எப்படிக் கரைந்தது? முதலில் எல்லாக் கதவும் மூடியது. 2013 நவம்பரில் வந்த சட்டத்தால் அனுமதியில்லாத ஊர்வலமே குற்றமானது. டிசம்பர் 25-இல் இயக்கம் பயங்கரவாத அமைப்பு என்று அறிவிக்கப்பட்டது. உடனடிக் காரணம் மன்ஸூரா நகரக் காவல்துறைத் தலைமையகத்தில் முந்தின நாள் வெடித்த குண்டு. ஆனால் அதற்குப் பொறுப்பேற்றது சினாயில் இருந்த அன்ஸார் பைத்துல் மக்திஸ் என்ற வேறு குழு. 2014 மார்ச்சில் மின்யாவில் ஒரு நீதிபதி, ஒரு போலீஸ் அதிகாரியைக் கொன்ற வழக்கில், இரண்டே அமர்வில் 529 பேருக்கு மரண தண்டனை கொடுத்தார். பிறகு பெரும்பாலானவை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டன. ஆனால் கோர்ட்டுக்குப் போனால் நியாயம் கிடைக்கும் என்ற எண்ணம் அந்த இரண்டு அமர்வில் செத்துவிட்டது.

அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. அதுதான் தீர்மானமானது என்று நான் கருதுகிறேன். உஸ்ரா உடைந்தது. நகீப் சிறையில், அல்லது இஸ்தான்புல்லில், அல்லது கபுரில். பொறு என்று சொல்லும் பெரியவர் பக்கத்தில் இல்லை. இருந்தாலும் அந்தச் சொல்லுக்கு எடை இல்லை. பொறுத்துத்தானே சதுக்கத்தில் உட்கார்ந்தோம் என்று பையன் கேட்டால் அவரிடம் பதில் கிடையாது. வெற்றிடத்தை அவன் வயதுக்காரர்களே நிரப்பினார்கள். ஊர்வலத்தைப் போலீஸ் அடிக்காமல் பார்த்துக்கொள்ளக் கல்லோடு நின்ற காவல் குழு, அடுத்த மாதம் பட்டாசுத் துப்பாக்கி வைத்திருந்தது. அதற்கடுத்த வருடம் பெயர் வைத்துக்கொண்டு அறிக்கை விட்டது.

மேலிடத்திலும் பிளவு. வெளிநாட்டிலும் மறைவிடத்திலும் இருந்த பழைய தலைமை ஒரு பக்கம், உள்நாட்டில் இளைஞர்களை நடத்திய முஹம்மது கமால் தரப்பு மறுபக்கம். 2015 ஜனவரியில் நீண்ட, சமரசமற்ற ஜிஹாதுக்கு அழைக்கும் அறிக்கை இயக்கத்தின் அரபி இணையதளத்திலேயே வெளியானது. தலைமை ஒரே நேரத்தில் இரண்டு மொழி பேசினால் கீழே இருப்பவன் தனக்குப் பிடித்த மொழியைக் கேட்டுக்கொள்கிறான். 2016-இல் ஹஸ்ம், லிவாஉஸ் ஸவ்ரா என்ற ஆயுதக் குழுக்கள் தோன்றின. அந்த அக்டோபரில் கமாலைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. டிசம்பரில் கீஸாவில் சாலைச் சோதனைச் சாவடி ஒன்றில் ஹஸ்ம் வைத்த குண்டில் ஆறு போலீசார் செத்தார்கள்.

பெண்களுக்கு என்ன ஆனது?

2013 அக்டோபர் கடைசியில் அலெக்சாந்திரியாவில் காலை ஏழு மணி ஊர்வலம் ஒன்றில் 21 பேர் பிடிபட்டார்கள். அதில் ஏழு பேர் பதினெட்டு வயது ஆகாத சிறுமிகள். பலூன் பிடித்து, நான்கு விரல் காட்டி நின்றவர்கள். பெரிய பெண்கள் 14 பேருக்கு 11 வருடச் சிறை விதித்தார்கள். உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்த பிறகு, டிசம்பரில் மேல்முறையீட்டில் அது ஒரு வருட நிறுத்திவைத்த தண்டனை ஆனது. வெள்ளைச் சிறை உடையில் அந்தப் பெண்கள் கூண்டுக்குள் சிரித்துக்கொண்டு நின்ற படத்தை அவர்களுடைய தம்பிகளும் அண்ணன்களும் பார்த்தார்கள். ‘எங்கள் பெண்களின் மேல் கை வைத்தார்கள்’ என்பது ஆயுதம் எடுத்தவர்கள் அடிக்கடி சொன்ன காரணங்களில் ஒன்று.

சிறையில் அப்படி என்ன நடக்கிறது?

முதல் நாள் ‘தஷ்ரீஃபா’. வரவேற்பு என்று பொருள். இரண்டு வரிசையாகக் காவலர்கள் நிற்பார்கள், நடுவே கைதி நடக்க வேண்டும், இரு பக்கமிருந்தும் அடி விழும். அப்புறம் மூச்சுவிட இடமில்லாத அறை. விசாரணைக் காவல் இரண்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் சொல்லும். அது முடிகிற நேரத்தில் அதே குற்றச்சாட்டோடு புது வழக்கு போடுவார்கள். இதற்குப் பெயர் ‘தத்வீர்’, சுற்றிவிடுதல். விடுதலை உத்தரவு கையில் இருக்கும், ஆள் உள்ளேயே இருப்பார்.

ஊர்வலத்தில் பிடிபட்ட கல்லூரி மாணவனையும் சினாயில் சண்டை போட்ட ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) ஆயுதக் குழு ஆளையும் ஒரே அறையில் போட்டதாக வெளியே வந்த கைதிகள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஐஎஸ் ஆளுக்கு அங்கே ஆள் பிடிப்பது சுலபம். ‘உன் இயக்கம் தேர்தலில் நின்றது, ஜெயித்தது, என்ன கிடைத்தது?’ என்று கேட்டால் போதும். அத்தனை இரவும் பேச நேரம் இருக்கிறது. பதில் சொல்லக்கூடிய படித்த மூத்தவர்களைத் தனிமைச் சிறையில் பூட்டிவிட்டது அரசு.

இது புதிதாக நடக்கிறதா?

இல்லை. 1954 அக்டோபரில் அலெக்சாந்திரியாவின் மன்ஷிய்யா சதுக்கத்தில் நாசரைக் கொல்ல முயற்சி நடந்தது. ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள், ஆறு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். சிறைக்குப் போனவர்களில் சையித் குதுபும் ஒருவர், இலக்கிய விமர்சகராக இருந்தவர். 1957-இல் தூரா சிறையில் இக்வான் கைதிகள் 21 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தொழுகிற ஒருவன் தொழுகிற இன்னொருவனை இப்படிச் செய்ய முடியுமா என்ற கேள்வி அந்தச் சிறைகளில் சுற்றி வந்தது. முடியாது, ஆகவே இவர்கள் முஸ்லிம்களே இல்லை என்று ஒரு பதில் பிறந்தது. ஒரு முஸ்லிமை இறைமறுப்பாளன் என்று தீர்ப்பிடும் இந்த தக்ஃபீர் சிந்தனைக்குக் குதுபின் 1964 நூலான ‘மைல்கற்கள்’ வழி திறந்தது. 1966 ஆகஸ்டில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

ஆனால் அதே சிறையிலிருந்து இன்னொரு பதிலும் வந்தது. இயக்கத்தின் அன்றைய தலைவர் ஹஸன் அல்ஹுதைபியின் பெயரில் வந்த நூலின் தலைப்பே ‘நாம் அழைப்பாளர்கள், நீதிபதிகள் அல்ல’ என்ற பொருள் தருவது. தலைவர் உள்ளேயே இருந்தார், பையன்களோடு வாதம் செய்தார், பெரும்பாலானவர்கள் அவர் பக்கம் வந்தார்கள். வராத சிலரில் ஒருவர் ஷுக்ரி முஸ்தபா. 1965-இல் கைதானபோது விவசாயக் கல்லூரி மாணவர். 1971-இல் வெளியே வந்து தனிக் குழு கட்டினார். 1977-இல் அந்தக் குழு முன்னாள் அமைச்சரும் மார்க்க அறிஞருமான முஹம்மது அத்தஹபியைக் கடத்திக் கொன்றது.

அடி ஒன்றுதான், சிறை ஒன்றுதான். வாதம் செய்ய ஆள் இருந்ததா, அவர் சொல்லைக் கேட்கிற நம்பிக்கை மிச்சம் இருந்ததா என்பதில்தான் வித்தியாசம்.

ஒடுக்குமுறைதான் காரணம் என்றால் துனீசியா எப்படி?

நல்ல கேள்வி. துனீசியாவில் ஜனாதிபதி பின் அலி 1990-களின் தொடக்கத்தில், இக்வானைப் போன்ற அன்னஹ்தா இயக்கத்தினர் ஆயிரக்கணக்கானோரைச் சிறையில் அடைத்தார். ஆனால் 2011-இல் அவர்கள் வெளியே வந்து தேர்தலில் 217 இடங்களில் 89 பிடித்து, கூட்டணி அமைத்து, பிறகு விட்டும் கொடுத்தார்கள். ஒடுக்குமுறை அவர்களைச் சண்டைக்காரர்கள் ஆக்கவில்லை. அதே சமயம், சுதந்திரம் கிடைத்த அதே துனீசியாவிலிருந்துதான் சுமார் மூவாயிரம் பேர் சிரியா, ஈராக் பக்கம் சண்டைக்குப் போனார்கள் என்று அரசே சொன்னது. அவர்களில் பலர் தவ்வார் ஹிஷெர் போன்ற, வேலையில்லாத, போலீஸ் தினமும் சட்டையைப் பிடிக்கிற புறநகர்களின் பையன்கள். அன்னஹ்தா அவர்களை எட்டவே இல்லை. பெரியவர்கள் தலைநகரில் அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் அவர்களோடு பேசியது அன்ஸாருஷ் ஷரீஆ என்ற ஜிஹாதிக் குழு.

அதனால் ஒடுக்கினால் குண்டு, விட்டால் அமைதி என்ற நேர்க்கோட்டை நான் நம்புவதில்லை.

இப்படி விளக்குவது கொலையை நியாயப்படுத்துவது ஆகாதா?

ஆகாது. சோதனைச் சாவடியில் செத்த காவலர்கள் ராபிஆவில் சுட்டவர்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. கட்டாயச் சேவைக்கு வந்த கிராமத்துப் பையன்கள்தான் பல சாவடிகளில் நிற்கிறார்கள். அவர்களைக் கொன்றவன் அதற்குப் பொறுப்பு. ராபிஆவில் கொன்றவர்கள் அதற்குப் பொறுப்பு. அந்தப் படுகொலைக்காக ஓர் அதிகாரிகூடத் தண்டிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆயுதம் எடுத்தவர்கள் திரும்பி வந்ததுண்டா?

உண்டு, எகிப்திலேயே. 1981-இல் ஜனாதிபதி சாதாத் கொலையில் பங்குள்ள அல்ஜமாஆ அல்இஸ்லாமிய்யா, 1990-களில் தென் எகிப்தை ரத்தக்காடாக்கியது. அதன் சிறைத் தலைவர்கள் 1997 ஜூலையில் சண்டை நிறுத்தம் அறிவித்தார்கள். நவம்பரில் அதைச் சேர்ந்தவர்களே லக்ஸரில் 58 வெளிநாட்டுப் பயணிகளையும் நான்கு எகிப்தியர்களையும் கொன்றார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்த அந்த இடத்தில் தலைவர்கள் பின்வாங்கவில்லை. அரசும் ஒரு புத்தியான காரியம் செய்தது. தலைவர்களைச் சிறை சிறையாகச் சுற்றிப் போய்த் தங்கள் ஆட்களோடு பேச அனுமதித்தது. பையன்கள் கத்தினார்கள், அழுதார்கள், எங்கள் வாழ்க்கையை எதற்காகத் தொலைத்தோம் என்று கேட்டார்கள். தலைவர்கள் தங்கள் தவறை ஒப்புக்கொண்டு நூல்களே எழுதினார்கள். ஆயிரக்கணக்கானோர் படிப்படியாக விடுதலையாகி வீடு போனார்கள். அந்த அமைப்பு மறுபடி ஆயுதப் போருக்குத் திரும்பவில்லை.

2013-க்குப் பிறகு இப்படி ஒன்று நடக்கவில்லை. 2019-இல் சிறையிலிருந்த இளைஞர்கள் சிலர் அரசோடு சமரசம் வேண்டிக் கடிதங்கள் அனுப்பினார்கள். அரசியலை விட்டுவிடுகிறோம், வீட்டுக்கு விடுங்கள் என்பதுதான் சாரம். அரசு காது கொடுக்கவில்லை. வெளிநாட்டில் இருந்த தலைமையும் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது நிலைமை என்ன?

முர்ஸி 2019 ஜூனில் நீதிமன்றக் கூண்டில் மயங்கி விழுந்து இறந்தார். மறைந்திருந்த இயக்கத்தின் தற்காலிகத் தலைவர் மஹ்மூத் இஸ்ஸத் 2020-இல் பிடிபட்டார். அப்புறம் லண்டன் தரப்பு, இஸ்தான்புல் தரப்பு என்று தலைமை இரண்டாகப் பிளந்தது. ஆயுதக் குழுக்களின் தாக்குதல்கள் பெரிதும் ஓய்ந்துவிட்டன.

ராபிஆ சதுக்கத்துக்கு இப்போது ஹிஷாம் பரகாத் சதுக்கம் என்று பெயர். கூட்டத்தைக் கலைக்க அனுமதி கொடுத்த தலைமை அரசு வழக்கறிஞர் அவர். 2015 ஜூன் 29 அன்று கெய்ரோவில் கார் குண்டில் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் ஒன்பது இளைஞர்களை 2019 பிப்ரவரியில் தூக்கிலிட்டார்கள். சித்திரவதையில் வாங்கிய வாக்குமூலம் என்று அவர்கள் கோர்ட்டிலேயே சொன்னார்கள். ஒருவன் எழுந்து நீதிபதியிடம், மின்சாரம் பாய்ச்சும் கருவியை என் கையில் கொடுங்கள், இந்த அறையில் இருக்கும் யாரை வேண்டுமானாலும் சாதாத்தைக் கொன்றது நான்தான் என்று ஒப்புக்கொள்ள வைக்கிறேன் என்றான்.